விழுந்தால் கழற்றிவிடாதீர்கள்



ஐப்பசி பிறந்துவிட்டது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்ந்திருக்கும். இதழுக்குள் என்னென்ன இருக்கிறது என்று வழக்கமாக இந்தப் பக்கத்தில் சொல்வேன். இந்த மாதம் உள்ளடக்கத்தை அடுத்த பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கமிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதே கேள்வி உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சொந்த வீடு கட்டிக் குடிவந்திருக்கிறார் அவர். மழை பிடித்தால் மெயின் பாக்ஸில் ஒரு சுவிட்ச் அடிக்கடி விழுந்துவிடுமாம். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "இது ரொம்ப சென்சிடிவ்மா, உங்களுக்குத்தான் தொல்லை" என்று சொல்லி, அதைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது விழுவதில்லை. ஆனால் ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதாம். "இது பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது, அம்மா. வாஷிங் மெஷினின் பிளக்கை இன்றே பிடுங்கி வையுங்கள். மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்தச் சுவிட்சைப் பழையபடி இணைக்கச் சொல்லுங்கள். மழைக்கு மழை அது விழுந்ததற்குக் காரணம், உங்கள் வீட்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதுதான். கசிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்ததை மட்டும் வாய்மூட வைத்துவிட்டார்கள்.

அந்தச் சுவிட்சின் பெயர் ஆர்.சி.சி.பி. கடையில் ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பக்கத்தில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி.க்களைவிட அகலமாக, ஓரத்தில் 'டி' (T) என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தானோடு இருக்கும். "எங்கள் வீட்டில்தான் டிரிப்பர் போட்டிருக்கிறதே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் எம்.சி.பி.யை. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. லோடு அதிகமாகி வயர் சூடேறினாலோ, ஷார்ட் ஆனாலோ அது விழும். உங்கள் உடம்பு வழியே மின்சாரம் போவது அதன் கண்ணில் படவே படாது.

கணக்கைப் பாருங்கள். பிளக் பாயின்ட் லைனில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டிய பிறகுதான் அது விழுவதைப் பற்றியே யோசிக்கும். ஒருவர் 230 வோல்ட்டில் கை வைத்தால் உடம்பு வழியே போவது சுமார் 100, 200 மில்லி ஆம்பியர்தான். ஓர் உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும். எம்.சி.பி.க்கோ அது இன்னொரு பல்பு எரிகிற மாதிரி. அந்தப் பல்பு அணையாமல் எரியட்டும் என்று அது பாட்டுக்கு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறொன்றை. பேஸ், நியூட்ரல் இரண்டு வயர்களும் அதற்குள்ளே ஒரே இரும்பு வளையத்தின் வழியாகப் போகின்றன. கணக்குப்பிள்ளை ராத்திரி கல்லாவை மூடுவதற்கு முன் வரவையும் செலவையும் நேர் பார்ப்பதுபோல, பேஸில் போனது அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது ஒவ்வொரு நொடியும் பார்க்கிறது. சரியாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கொஞ்சம் குறைந்தாலும், குறைந்தது வேறு எந்த வழியிலோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வழி ஈரச் சுவராக இருக்கலாம், கீசரின் தகரமாக இருக்கலாம், வெறுங்காலோடு நிற்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் அது விழுந்தாக வேண்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதைவிட அது குறைவு. 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.04 நொடிக்குள் விழ வேண்டும் என்பது தர விதி. சுரீரென்று ஓர் அடி விழும், கை உதறும், அதற்குள் வீடு இருண்டுவிடும். ஆள் பிழைத்துக்கொள்வார்.

இந்த அளவுகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் நீண்ட உழைப்பு இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஜீல், மின்சாரம் பிடித்தால் எந்த அளவு வரை மனிதர்கள் தாமே கையை விடுவித்துக்கொள்ள முடிகிறது என்று தன்னார்வலர்களை வைத்து அளந்து பார்த்தவர். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேலே போனால் விரல்கள் இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விட முடியாது. "கரண்ட் பிடித்து இழுத்துக்கொண்டது" என்று நம் ஊரில் சொல்கிறோமே, நடப்பது இதுதான். 1961-ல் அவர் 5 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளியலறையிலும் சமையலறையிலும் பிளக் பாயின்ட்டின் நடுவே இரண்டு குட்டிப் பொத்தான்களைப் பார்த்திருப்பீர்கள். அது அவருடைய கண்டுபிடிப்பின் வழி வந்தது. அங்கே 120 வோல்ட். இங்கே 230. நமக்குத்தான் அது இன்னும் அவசியம். நம் நாட்டில் அதைப் பிளக் பாயின்ட்டில் வைக்காமல் டி.பி. பாக்ஸ் எனப்படும் மெயின் பாக்ஸில் வைத்து வீடு முழுவதையும் காக்கிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் 12,000 பேருக்கும் மேல். அத்தனையும் வீட்டுக்குள் நடந்தவை அல்ல. அறுந்து விழுந்த கம்பிகள், வயல் மோட்டார்கள், மின்வேலிகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆனாலும் மழைக்காலச் செய்தித்தாளைப் புரட்டினால் வீட்டுச் சாவுகள் ஒரே மாதிரியாக இருப்பது தெரியும். துணி காயப்போட்ட கம்பியில் மின்சாரம் பாய்ந்தது, கிரைண்டரைத் துடைக்கும்போது தாக்கியது, வாளியில் ஹீட்டர் ராடு போட்டுவிட்டுத் தண்ணீர் சூடேறிவிட்டதா என்று விரல் விட்டது. கூடவே, காப்பாற்றப் போய்த் தொட்ட இன்னொருவரும் இறந்தார் என்ற வரி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த வீடுகளின் டி.பி. பாக்ஸில் வேலை செய்கிற ஓர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் இவற்றில் பலவற்றைத் தடுத்திருக்கலாம். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான்.

வாங்கும்போது முகப்பில் 30 எம்.ஏ. (மில்லி ஆம்பியர்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். 100, 300 என்றும் கிடைக்கின்றன. அவை தீ விபத்தைத் தடுக்கவும் பெரிய இடங்களுக்கும் ஆனவை, ஆளைக் காப்பாற்றாதவை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. தனியாக ஓவர்லோடையும் ஷார்ட்டையும் பார்க்காது என்பதால் எம்.சி.பி.க்களும் கூடவே இருந்தாக வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் ஆர்.சி.பி.ஓ.வும் உண்டு, விலை கூடுதல். கையில் காசிருந்தால் குளியலறை லைனுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுவது நல்லது. ஒரு கீசருக்காக வீடே இருட்டில் உட்கார வேண்டியிருக்காது.

இதை மாட்டும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. மின் உரிம வாரியத்தின் உரிமம் பெற்ற ஆளைத் தேடுங்கள். ஆனால் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள், கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு நீங்கள் இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி எர்த்தைப் பற்றி. மூன்று ஓட்டைப் பிளக் பாயின்ட்டில் மேலே பெரிய ஓட்டை எர்த், நேரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் அங்கே ஒன்றுமே இருக்காது. சில வீடுகளில் அதைவிட மோசமாக, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்தோடு முடிந்து வைத்திருப்பார்கள். எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் ஃபிரிட்ஜின் கதவு முதல் வாஷிங் மெஷினின் தகரம் வரை உலோகம் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். எர்த் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டது தாத்தா காலத்தில் என்றால் அதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். எர்த் சரியாக இருந்தால், ஒரு கருவியில் கசிவு வந்த கணமே, யாரும் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் அது விழுவதற்கு யாராவது தொட்டாக வேண்டும்.

இரண்டாவது இன்வெர்ட்டர். நம் ஊரில் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை ஏதோ ஓரிடத்தில் மற்ற லைனோடு கலந்துவிடுவார்கள். போனது ஒரு வழி, வந்தது வேறு வழி என்றால் கசிவே இல்லாமல் ஆர்.சி.சி.பி. விழும். குறிப்பிட்ட ஒரு லைட்டைப் போட்டதும் விழுகிறது என்றால் பெரும்பாலும் நியூட்ரல் கலப்புதான். பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும். அரைநாள் பிடிக்கும் வேலை என்பதால்தான் பலர் சுருக்குவழியாக அதைத் தாண்டி வயர் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, மெயினில் இருப்பது விழுந்தாலும் இன்வெர்ட்டர் அதைப் பவர் கட் என்று எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இன்வெர்ட்டர் லைனுக்கென்று தனியாக ஒன்று, தனி நியூட்ரலோடு வேண்டும்.

மழை நாளில் விழுந்துகொண்டே இருந்தால் எங்கே கசிகிறது என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கை காலைத் துடைத்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு பாக்ஸின் முன் நில்லுங்கள். எம்.சி.பி.க்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கசிவு பெரும்பாலும் அந்த லைனில். அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தால் கருவியா, சுவருக்குள் வயரா என்பது தெரிந்துவிடும். கீசர், ஹீட்டர் ராடு, பழைய ஃபிரிட்ஜ், சம்ப் மோட்டார் ஆகியவைதான் வழக்கமாகச் சிக்கும். வெளியே இருக்கும் காலிங் பெல்லும், கேட் விளக்கும், மொட்டை மாடியில் தேங்காய் நாரால் கட்டி இழுத்த வயரும் மழைக்கென்றே காத்திருப்பவை. எம்.சி.பி.க்கள் எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் அதற்கு மேல் நீங்கள் தேட வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. போனது முழுக்கத் திரும்பி வருகிறது, அதன் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. எனவே இது இருக்கிறது என்ற தைரியத்தில் பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி செருகி ஓட்டையில் நிறுத்துவதோ, குழந்தைகள் கைக்கு எட்டும் பாயின்ட்டைத் திறந்து போடுவதோ கூடாது.

அந்த 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் உள்ளே இறுகிப்போய்விட்டது, மாற்ற வேண்டும். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. சம்பள நாளோ, அமாவாசையோ, உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அழுத்துங்கள், பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், "வீட்டுக்காரர் செய்ய மாட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். மின் பாதுகாப்பு விதிமுறைகளே இந்தக் கருவியைக் கேட்கின்றன என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் உங்கள் செலவில் போட்டுக்கொண்டு, வீடு மாறும்போது எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி எடுத்துப் போங்கள்.

நம் வாசகர்களில் வயர்மேன்கள், எலக்ட்ரீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று சந்தா விண்ணப்பங்களைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் தேடித்தேடிக் கண்டுபிடித்த கசிவு எங்கே இருந்தது, எப்படிப் பிடித்தீர்கள், வீட்டுக்காரர் கழற்றச் சொன்னபோது என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும், பென்சிலில் வரைந்த வயரிங் படம் இருந்தால் இன்னும் நல்லது. கார்த்திகை இதழில் நான்கு பக்கங்களை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்