திட்டில் நிற்கும் எலி

ஒரு தண்ணீர்த் தொட்டி. நடுவில், ஒரு எலி குந்தியிருக்க மட்டும் இடமுள்ள சிறு திட்டு. எலி அதில் விழித்திருக்கலாம், லேசாகக் கண்ணயரவும் செய்யலாம். ஆனால் கனவுத் தூக்கம் தொடங்கியதும் தசைகளெல்லாம் துவண்டுவிடும். எலி சரிந்து தண்ணீரில் விழும். பதறியடித்து மேலே ஏறும். மறுபடி கண் சொருகும், மறுபடி விழும். யாரும் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. 1964இல் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவேயின் குழு முதலில் பூனைகளை வைத்துச் செய்த ஏற்பாடு இது; எலிகளுக்கு வந்தது பிறகு. படிக்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் தூக்கம் கெட்டால் மூளைக்கு என்ன ஆகிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு இந்த எலிகள் நனைந்து நனைந்து சொன்னதுதான்.

மெக்சிகோ நகரில் ஓர் ஆய்வுக் குழு, எலிகளை நாளொன்றுக்கு 20 மணி நேரம் இப்படித் திட்டில் நிறுத்தி, 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டது. 10 நாள் இப்படியே. பிறகு ரத்தத்தில் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். சாயம் மூளைக்குள் கசிந்திருந்தது.

இதிலென்ன அதிசயம் என்று கேட்டால், நல்ல மூளையில் அந்தச் சாயம் ஏறவே கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் பால் எர்லிஷ் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது ஈரல், சிறுநீரகம் எல்லாம் நிறம் பிடித்தன. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். 1913இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரிலேயே செலுத்தினார். இந்த முறை மூளை நிறம் பிடித்தது, உடம்பு பிடிக்கவில்லை. ஆக, நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று கண்ணால் காண 1967 வரை, எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே ஆராயும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பில் முக்கியமான புரதங்களில் ஒன்று கிளாடின்-5. இந்தச் சுவர் குளுக்கோஸை ஆள் வைத்து உள்ளே அழைத்துக்கொள்ளும். கிருமியையும் நச்சையும் பெரும்பாலும் வாசலோடு அனுப்பிவிடும்.

2014இல் அமெரிக்காவில் சுண்டெலிகளின் தூக்கத்தை 6 நாள் குறைத்துப் பார்த்தார்கள். கிளாடின் குறைந்திருந்தது, சுவரில் கசிவு கூடியிருந்தது. அதோடு, மூளை எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸும் குறைந்துபோயிருந்தது. வரக்கூடாதது வருகிறது, வரவேண்டியது வரவில்லை. எனக்கு இதில் இரண்டாவதுதான் உறைத்தது. தூங்காத மறுநாள் மண்டை மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நல்ல சேதியும் உண்டு. 24 மணி நேரம் வழக்கம்போலத் தூங்கவிட்டதும் சுண்டெலிகளின் கசிவு நின்றுவிட்டது. மெக்சிகோ எலிகளுக்கோ 40 முதல் 120 நிமிடத் தூக்கத்திலேயே மூளையின் பெரும்பகுதி தேறிவிட்டது. அந்த அவகாசத்தில் தேறாத இரண்டு இடங்களில் ஒன்று சிறுமூளை. இன்னொன்று ஹிப்போகேம்பஸ், படித்ததை நினைவில் ஏற்றும் பகுதி.

இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பையன். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான்க்கா, நாலு மணிக்கெல்லாம் தானே எழுந்துடுறான்" என்று அவன் அம்மா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள். முகமெல்லாம் பெருமை. மேசையில் ஃப்ளாஸ்க் நிறைய காபி வைத்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போகிறாளாம். வேதியியல் சூத்திரங்களை எந்த இடத்தில் ஏற்றி வைக்க வேண்டுமோ, அதையே பட்டினி போட்டுவிட்டு அவன் படித்துக்கொண்டிருக்கிறான். எலி வேறு, பிள்ளை வேறுதான்; மறுக்கவில்லை. மனிதருக்குச் சாயம் ஏற்றி மூளையை அறுத்துப் பார்க்க முடியாது. ஸ்வீடனின் உப்சாலாவில் 15 இளைஞர்களை ஒரே ஓர் இரவு விழிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக மூளையில் இருக்கும் இரண்டு புரதங்கள் ரத்தத்தில் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தன. மூளை கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்றல்ல. அலட்சியம் செய்யக்கூடியதும் அல்ல.

காபிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது. மூளையின் தடுப்புச் சுவரைத் தளர்த்துவதில் அதற்கும் பங்குண்டு. காபி அடினோசினின் வேலையை மறிக்கும். உடனே இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொள்ள வேண்டாம். அதே காபிதான் உங்களைத் தூங்கவும் விடாது.

பையனைக் குறை சொல்லி என்ன பயன்? மாலை ஆறரைக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிகிறது, காலை ஐந்துக்கு டியூஷன் தொடங்குகிறது. நடுவில் சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம். "டியூஷனைக் காலை ஆறரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாயா?" என்றேன் அவன் அம்மாவிடம். "கேட்டா, அந்த பேட்ச் ஃபுல்லாயிடுச்சுங்கிறாங்கக்கா" என்றாள்.