செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?

விழா மலருக்கு யாதாயினும் எழுதித் தருக என மலராசிரியர் பணித்தபொழுது, கல்லூரியின் பழம்பெருமை பற்றியே நான் எழுதுவேன் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அதனை எழுதவல்லார் பலர் உளர். நான் எழுதப் புகுந்ததோ சப்பாத்தைப் பற்றி. நகைப்புக்கிடமான பொருளெனச் சிலர் கருதலாம். எனினும், இவ்விழாவையொட்டி நமது சங்கம் செய்ய எண்ணியுள்ள ஒரு காரியத்தோடு இது நெருங்கிய தொடர்புடையது.

மெய்வல்லுநர் அணியிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஓட்டச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பதென்றும், அதன்பின் எவரும் வெறுங்காலோடு மைதானத்தில் ஓடலாகாதென விதி செய்யும்படி அதிபரைக் கேட்பதென்றும் சென்ற பொதுக்கூட்டத்திலே ஒரு பிரேரணை வந்தது. அதன் முற்பகுதியை மனமார வரவேற்கின்றேன். ஆயின் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிற்பகுதியை எதிர்க்கின்றேன்.

இவ்வாறு சொல்ல எனக்கு ஏதும் தகுதி உண்டாயின், அது கால்களாற் பெற்ற தகுதியே. 1970களின் நடுப்பகுதியிலே இதே மைதானத்தில் 1500 மீற்றர் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடியவன் நான். அந்நாளில் அது வறுமையாகவும் இருந்தது, வழக்கமாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் நெருஞ்சி மண்டியிருக்கும். அவ்விடம் வந்ததும் எல்லோரும் ஒருசேர வெளிப்புறம் விலகுவோம். ஆதலின் எவருக்கும் நட்டமில்லை. உத்தியோகம் வந்தபின் ஓட்டம் நின்றது. ஓய்வு பெற்றபின் மீண்டும் தொடங்கி, வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஏறக்குறைய மூன்று மைல் ஓடி வருகின்றேன், வெறுங்காலோடுதான்.

சப்பாத்தை நாடும்படி என்னைச் செய்தது தார். மணல் ஒழுங்கையாக இருந்த எங்கள் வீதிக்குச் சல்லி பரப்பித் தார் இட்டார்கள். வெளிச்சம் வருமுன் ஓடுபவனுக்கு உடைந்த போத்தல் கண்ணில் படுவதில்லை. எனவே கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியவை மிகச் சிறியன: கண்ணாடி புகாத ஒரு மெல்லிய அடி, குதிக்காலை உயர்த்தாத அமைப்பு, விரல்கள் விரிய இடம். இம்மூன்றில் முதலிரண்டையும் எப்படியோ பெறலாம்போல் இருந்தது. மூன்றாவதைப் பெறுவது குதிரைக்கொம்பாயிற்று.

நகரத்திலே நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். எந்தச் சப்பாத்தை அணிந்தாலும் சின்னவிரல் அடுத்த விரலின்மேல் ஏறியது. "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும் ஐயா, போடப் போட இளகும்" என்றான் ஒரு கடைப் பையன். இளகியது சப்பாத்தன்று, என் காலின் தோல். வேறொருவர் இரண்டு இலக்கம் பெரிதாகத் தந்தார். அப்பொழுதும் அகலம் போதவில்லை. நீளம் மட்டும் மிகுந்து, ஓடும்போது குதிக்கால் கழன்று கழன்று அடித்தது. வீட்டுக்கு வந்து தாளின்மேல் நின்று காலை வரைந்து பார்த்தேன். நீளம் 25 சென்ரிமீற்றர். விரல்கள் தொடங்குமிடத்தில் அகலம் 11 சென்ரிமீற்றர். குறை காலில் உள்ளதென்றே அதுகாறும் எண்ணியிருந்தேன்.

சப்பாத்தின் இலக்கம் எதனைக் குறிக்கின்றது? ஆங்கில முறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. ஐரோப்பிய முறையில் அது சென்ரிமீற்றரின் மூன்றில் இரு பங்கு. இரண்டும் நீளத்தையே சொல்வன. அகலத்துக்கெனத் தனிக் குறிகள் இல்லாமலில்லை. அமெரிக்க முறையில் ஆடவர்க்கு 'டி' என்பது சாதாரண அகலம், 'இரட்டை ஈ' அகன்றது, 'நான்கு ஈ' மிக அகன்றது. ஆனால் நான் சென்ற கடைகளில் அக்குறிகளை அறிந்தவர் எவரையும் கண்டிலேன். அன்றியும், அகலம் மட்டும் கூடினாற் போதாது. சப்பாத்தின் முனை நடுவிலே கூர்ந்து வருகின்றது. மனிதனின் பெருவிரலோ நடுவில் இல்லை. சிறுவயது முதல் வெறுங்காலோடு திரிந்தவனுடைய கால், குதிக்காலிலிருந்து விரல்வரை விசிறிபோல் விரியும். அக்காலுக்குச் சப்பாத்துச் செய்வோர் இன்று உலகில் இல்லாமலில்லை. முன்புறம் அகன்று, அடி தட்டையாய், உள்ளே மெத்தையின்றி அமைந்த அவற்றை ரொறன்ரோவிலுள்ள என் மருமகன், நான் அனுப்பிய காலின் வரைபடத்தை வைத்துப் பார்த்து வாங்கி அனுப்பினார். அதனை அணிந்து ஓடிய முதல் நாள் காலில் ஏதோ இருக்கின்றது என்பதையே மறந்துவிட்டேன்.

வெறுங்கால் ஓட்டம் என்றதும் எதியோப்பியாவின் அபேபே பிக்கிலாவின் பெயர் வந்துவிடும். நம் கூட்டத்திலும் வந்தது. 1960 செப்டெம்பர் 10ஆம் நாள் உரோம் நகரத்து மரதன் ஓட்டத்தை அவர் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஓடி வென்றார். 1964இல் தோக்கியோவிலே சப்பாத்தணிந்து ஓடி 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றார். அதுவும் குடல்வால் அறுவை நடந்து சில கிழமைகளுக்குள். ஆதலின் சப்பாத்தே மேலென்றார் பிரேரணையைக் கொணர்ந்த நண்பர். உரோமிலே அவர் சப்பாத்தை ஏன் களைந்தார் என்பதை நண்பர் சொல்லவில்லை. அங்கே கிடைத்த புதிய சப்பாத்து அவர் காலுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாததை நீக்கினார், நான்கு ஆண்டுகளின் பின் பொருந்தியதை அணிந்தார். இவ்வளவே. அவர் வெறுங்காலுக்கும் சாட்சியல்லர், சப்பாத்துக்கும் சாட்சியல்லர்.

மெக்சிக்கோவின் மலைகளில் வாழும் தாராஹுமாரா மக்கள் பழைய ரயரை வெட்டி, வார் கட்டி அணிந்து நெடுந்தூரம் ஓடுபவர்கள். 1993இல் கொலராடோவின் லெட்வில் நகரில் நடந்த நூறு மைல் ஓட்டத்தில், அவர்களுள் ஐம்பது வயது கடந்த ஒருவர் அத்தகைய செருப்போடு ஓடி முதலிடம் பெற்றார். ரயர்ச் செருப்பை நாம் அறியாதவர்களா? அறிந்தும் அதனை வெட்கமாகவே கருதினோம்.

வளரும் பிள்ளைகளைப் பொறுத்தவரை, நமக்கு அண்மையில் நடந்த ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. தென்னிந்தியாவிலே 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 பிள்ளைகளின் கால்களை இராவ், யோசேப்பு என்னும் இரு மருத்துவர்கள் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். காலணி அணிந்து பழகியவர்களுள் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம், அணியாதவர்களுள் 2.8 பேருக்கே. மூடிய சப்பாத்து அணிந்தோரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது.

இதனைக் கொண்டு சப்பாத்தையெல்லாம் எறிந்துவிடுங்கள் என நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. நீரிழிவினாற் காலில் உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலோடு வாசலைக் கடத்தலும் ஆகாது. சேற்றிலும் வெள்ளத்திலும் எலிக்காய்ச்சல் காத்திருக்கின்றது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்திலே அது உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. நாற்பது ஆண்டு சப்பாத்திலேயே நடந்த என் நண்பர் ஒருவர், என்னைப் பார்த்து ஒரே நாளில் மூன்று மைல் வெறுங்காலோடு ஓடிக் கெண்டைக்கால் பிடித்து இரண்டு கிழமை படுத்தார். மெல்லிய சப்பாத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐவிரற் சப்பாத்துக்குப் பத்துக் கிழமைகளில் மாறிய ஓட்டக்காரருள் பாதிக்கு மேற்பட்டோரின் பாத எலும்புகளுள்ளே வீக்கம் காணப்பட்டது. அவ்வகைச் சப்பாத்து காலை வலுப்படுத்துமென விளம்பரஞ் செய்த நிறுவனம், தன்மேல் வந்த வழக்கைத் தவறொன்றையும் ஒப்பாமலே 2014இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குத் தீர்த்துக்கொண்டது. காலுக்குப் பழக்கம் மெல்ல மெல்லவே வரும். அது வெறுங்காலிலிருந்து தடித்த சப்பாத்துக்கு மாறும் பிள்ளைக்கும் உரியதே. இதனைத்தான் நம் சங்கத்தார் எண்ணவில்லை.

சென்ற ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று கண்டதைச் சொல்லுகின்றேன். மரநிழலில் ஒரு மாணவன் தன் புதுச் சப்பாத்தின் பக்கவாட்டைச் சவர அலகால் வெட்டிக்கொண்டிருந்தான். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. எவரோ அன்போடு வாங்கிக் கொடுத்த சப்பாத்து. "தம்பி, ஏன் வெட்டுகிறாய்?" என்றேன். "கழற்றினால் ஓட விடமாட்டினமாம் சேர்" என்றான். உலக மெய்வல்லுநர் அமைப்பின் விதிகளோ வெறுங்காலோடு ஓடலாம், ஒரு காலில் மட்டும் அணிந்தும் ஓடலாம் என்கின்றன. அவ்விதிகள் சப்பாத்தின் அடி எவ்வளவு தடிக்கலாம் என்பதற்கே எல்லை வகுத்துள்ளன. உலகப் போட்டியில் இல்லாத தடை நம் மைதானத்தில் எதற்கு? செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்பது நம்மவர் பழமொழி; அச்சிறுவன் சப்பாத்தையே தறித்தான். அவனுடைய அறிவைப் பாராட்டுகின்றேன்.

ஆகவே என் நிபந்தனை இது. மொத்தமாக இலக்கம் சொல்லிச் சப்பாத்து வாங்கலாகாது. ஒவ்வொரு பிள்ளையையும், ஓட்டப் பயிற்சியினால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலைநேரத்தில், தாளின்மேல் முழுப்பாரமும் ஊன்றி நிற்கச் செய்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு கால்களையும் வரைதல் வேண்டும். பெரிய காலே கணக்கு. வாங்கும்போது சப்பாத்தினுள்ளே விரித்திருக்கும் தகட்டைக் கழற்றி அவ்வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும்; கோடு தகட்டுக்கு வெளியே எங்கேனும் தெரிந்தால் அது அப்பிள்ளைக்குரியதன்று. முனையில் ஒரு பெருவிரலகலம் மிஞ்சவேண்டும். பொருத்தமானது கிடைக்கும்வரை அப்பிள்ளை வெறுங்காலோடு ஓடட்டும். கிடைத்தபின்னும் அவன் விருப்பம்.

இதனாற் செலவு கூடுமென்றால், நாற்பது சோடிக்குப் பதிலாக இருபது சோடி வாங்குவோம். அணியிலே சிலருக்கு அது வேண்டியதில்லை என்பதை அளவெடுக்கும்போதே அறிவோம். நாளைச் செயலாளர் குறித்தனுப்பினால், தாளும் பென்சிலும் நான் கொண்டு வருவேன்.