கிளறும் கரண்டி யார் கையில்?



ரிசோட்டோ! பேரைக் கேட்டதும் புது செல்போனா என்று கேட்காதீங்க. அது இத்தாலி நாட்டுச் சோறு. இத்தாலி என்றால் பீட்சாதான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்நாட்டின் வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் நிறைய நெல் வயல்களாம். அங்கே விளையும் ஆர்போரியோ, கார்னரோலி போன்ற குண்டு அரிசியில்தான் ரிசோட்டோ செய்கிறார்கள்.

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் மாமா லீவுக்கு வந்தபோது ஒரு கிலோ ஆர்போரியோ கொண்டுவந்தார். "நீயே செய்டா" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். நாலு பேருக்கு 300 கிராம் போதும். ஆகவே மூன்று ஞாயிறு, மூன்று வகை.

இந்த அரிசியைக் கழுவக் கூடாது. நாம் வடித்துக் கொட்டும் கஞ்சிப் பசைதான் இதற்கு உயிர். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, அரிசியைப் போட்டுப் புரட்டி, கொதிக்கிற காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றணும். (அங்கே முதலில் கொஞ்சம் ஒயின் ஊற்றுவார்களாம், நாங்க ஊற்றலை!) ஒரு கரண்டி வற்றினால்தான் அடுத்தது. சுமார் 18 நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. இறக்கியபின் வெண்ணெயும் துருவிய சீஸும் சேர்த்துக் கிளறணும். தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி நகர வேண்டும். அதுதான் பதம்.

முதல் ஞாயிறு, மிலான் நகரத்துக் குங்குமப்பூ ரிசோட்டோ. நடுவில் ஸ்கோர் பார்க்க ஓடினேன். அடிப்பிடித்துவிட்டது! அடுத்த வாரம் காளான். நன்றாக வந்தது. மூன்றாவது, வெனிஸ் ஊரின் பச்சைப் பட்டாணி வகை. 'ரிசி எ பிசி' என்பார்கள். இது இன்னும் தளர்வாக இருக்கும், ஸ்பூனால்தான் சாப்பிடணும். அந்தக் காலத்தில் ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளன்று வெனிஸ் ஆட்சித் தலைவருக்கே இதைப் பரிமாறினார்களாம்.

அன்றைக்குத்தான் அந்தச் சம்பவம். வியர்வை ஊற்ற, "அம்மா, ஃபேன் போடுங்க" என்று கத்தினேன். "ஃபேன் போட்டா அடுப்பு அணைஞ்சிடும்டா. பதினெட்டு நிமிஷத்துக்கே இப்படியா?" என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு முன்னால் நிற்கும் அம்மா, மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுத்தான் உட்காருவார். ஒருநாளாவது 'புழுக்கமா இருக்காம்மா' என்று நான் கேட்டிருக்கிறேனா?

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் மூன்று முறை சமைத்ததற்குப் பக்கத்து வீட்டு அத்தைவரை வந்து பாராட்டினார்கள். தினமும் சமைக்கும் அம்மாவை யார் பாராட்டினார்கள்? பையன் சமைத்தால் திறமை, அம்மா சமைத்தால் கடமை. இது என்ன நியாயம் நண்பர்களே?

எல்லோரும் ரிசோட்டோ செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அந்த அரிசி நம்ம மளிகைக் கடையில் கிடைக்கவும் கிடைக்காது. வாரத்தில் ஒரு வேளை ரசமாவது நாம வைக்கலாமே! ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு இப்போது என் பொறுப்பு. இரண்டு வாரம் ஏமாற்றிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மற்ற வாரங்களில் அம்மா ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

கரண்டிக்கு ஆண், பெண் தெரியாது. சிந்திப்போம்! சமைப்போம்!

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்