தூக்கம் மருந்துக் கடையில் கிடைக்குமா?

"படுக்கப் போகுமுன் ஒரு மெக்னீஷியம் மாத்திரை, பொழுது விடியும்வரை அடித்துப் போட்டாற்போலத் தூக்கம்" என்று ஒரு யோசனை இப்போது செல்போன் வழியே வீட்டுக்கு வீடு வந்து சேர்கிறது. பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் வாரம் ஒரு ஷிப்டு மாறி மாறி உழைக்கும் தொழிலாளிக்கும், கணக்கு முடியாமல் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் குமாஸ்தாவுக்கும் இதைக் கேட்டதும் ஆசை பிறப்பது இயல்பே. தூக்கம் கெட்டவனுக்கு எந்த வைத்தியமும் நல்ல வைத்தியமாகவே தோன்றும். ஆனால் ஒரு பாட்டிலுக்குப் பல நூறு ரூபாயை எடுத்து நீட்டுமுன், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மெக்னீஷியம் புதிய மருந்தல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் வயிற்றைச் சுத்தம் செய்யக் கரைத்துக் குடித்த பேதி உப்பு மெக்னீஷியம் உப்புதான். நெஞ்செரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் குடிக்கும் வெள்ளைப் பாலான 'மில்க் ஆப் மெக்னீஷியா'வும் அதுவே. வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 25 கிராம் மெக்னீஷியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில் தங்கியிருக்க, மற்றது தசைகளிலும் பிற உறுப்புகளிலும் நின்று நரம்பும் தசையும் ஒழுங்காக வேலை செய்ய உதவுகிறது. இது அடியோடு குறைந்தால் தசைப் பிடிப்பும் நடுக்கமும் வரும் என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட உண்மை. அதிலிருந்து, "இரவில் ஒன்று விழுங்கினால் எல்லோருக்கும் தூக்கம் வரும்" என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

இது பற்றி நடந்த ஆராய்ச்சிகள் சொற்பம். 2012ல் வெளிவந்த ஈரான் நாட்டு ஆராய்ச்சியில், தூக்கமின்மையால் அவதிப்பட்ட 46 முதியோரில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரங்கள் தினம் 500 மில்லிகிராம் மெக்னீஷியமும், மறு பாதியினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மெக்னீஷியம் உட்கொண்டவர்களிடம் ஓரளவு நற்பலன் தெரிந்தது. 2021ல், இது போன்ற மூன்று சோதனைகளையும் அவற்றில் கலந்துகொண்ட 151 பேரையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். படுத்தபின் தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் சுமார் 17 நிமிடம் குறைந்திருந்தது. மொத்தத் தூக்கம் 16 நிமிடம் கூடியதாகத் தெரிந்தாலும், அது தற்செயலாக இருக்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். ஆதாரங்களின் தரம் குறைவு என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். பதினேழு நிமிடம் அற்பமல்லதான். ஆனால் அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் வயது முதிர்ந்தவர்கள். இரவு முழுவதும் லேத் மிஷின் முன்னால் நின்றுவிட்டு, காலை எட்டு மணி வெயிலில் வீடு திரும்பும் இருபத்தெட்டு வயது இளைஞனுக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

உடலில் மெக்னீஷியம் உண்மையாகவே குறைந்தவர்களுக்கு அதைக் கொடுத்தால் நன்மை உண்டு. சர்க்கரை வியாதிக்காரர், நாள்தோறும் குடிப்பவர், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர், ஓயாத வயிற்றுப்போக்கு உள்ளவர் ஆகியோருக்குக் குறையலாம். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. வேளை கெட்ட வேளையில் ஓட்டலில் சாப்பிட்டு, வெறும் வயிற்றில் டீயாகக் குடித்து, 'கேஸ்' என்று சொல்லிச் சீட்டு இல்லாமலே அமிலத்தைக் குறைக்கும் காப்ஸ்யூலை வருஷக் கணக்கில் விழுங்குகிறவர்கள். இவ்வகைக் காப்ஸ்யூலை ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்தால் ரத்தத்தில் மெக்னீஷியம் குறையக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2011லேயே எச்சரித்திருக்கிறது. ஒரு மாத்திரை உண்டாக்கிய ஓட்டையை இன்னொரு மாத்திரையால் அடைக்கும் வேடிக்கை இது! மருந்துக் கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கமிருந்து பெங்களூர் வந்து குடியேறியவர்களின் தாத்தா பாட்டிமார் களியும் கூழும் உண்டு வளர்ந்தவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஊரோ ராகி முத்தையின் தலைநகரம். மிலிட்டரி ஓட்டல்களில் இன்றும் அது சுடச்சுடக் கிடைக்கிறது. ஆனால் பட்டணத்துக்கு வந்தபின் களி தின்பது கௌரவக் குறைவு என்ற எண்ணம் எப்படியோ புகுந்து, பளபளப்பாகத் தீட்டிய அரிசியும் மைதா பரோட்டாவும் தட்டைப் பிடித்துக்கொண்டன. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிகிராம் மெக்னீஷியம் தேவை. 100 கிராம் ராகியில் சுமார் 140 மில்லிகிராம் இருக்கிறது. அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் இருபது, இருபத்தைந்துதான். கம்பு, நிலக்கடலை, எள், கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் இது தாராளம். கீரையின் பச்சை நிறத்துக்கு நடுநாயகமாக இருப்பதே மெக்னீஷியம் அணுதான். ராகியில் உள்ள சில பொருள்கள் சத்து உடலில் சேருவதைச் சற்றுத் தடுக்கும் என்பதும் உண்மை. மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தால் அந்தத் தடை குறையும். கூழுக்கு முந்தின நாளே கரைத்து வைத்த கிராமத்துப் பெண்கள் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாத்திரைப் பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை கிலோ ராகி வரும் என்று குமாஸ்தாக்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

களி தின்றால் அன்றிரவே தூக்கம் வந்துவிடும் என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலோரின் தூக்கத்தைக் கெடுப்பது மெக்னீஷியக் குறைவே அல்ல. வெளிச்சத்தையும் இருட்டையும் பார்த்து ஓடும் ஒரு கடிகாரம் உடலுக்குள் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை முன்னும் பின்னும் திருப்பினால் அது தடுமாறத்தான் செய்யும். காலை ஷிப்டு, பிறகு மாலை, பிறகு இரவு என்று முன்னோக்கி மாற்றினால் உடல் ஓரளவு ஒத்துக்கொள்ளும். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கித் தள்ளினால் அதிகம் திணறும். இந்த மாற்றத்துக்கு நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. இரவு ஷிப்டு வேலை புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய ஒன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2007ல் வகைப்படுத்தி, 2019ல் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. போனஸுக்கு வாயிற்கூட்டம் போடும் தொழிற்சங்கங்கள் ஷிப்டு மாறும் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினால் என்ன? தூக்கமில்லாத கை மிஷினில் மாட்டிக்கொண்ட பிறகு நஷ்ட ஈட்டுக்கு அலைவதைவிட அது மேல்.

அறையில் செய்யக்கூடியதும் உண்டு. ஐந்து பேர் தங்கும் அறையில் ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் வந்து படுக்கிறான். ஒருவன் செல்போனில் பாட்டு, மற்றவன் முகத்தில் ட்யூப் லைட். பகலில் தூங்குகிறவனுக்காக ஜன்னலில் ஒரு கறுப்புத் துணி தொங்கவிடவும், பாட்டைக் காதுக்குள் கேட்கவும் உடன் இருப்பவர்கள் சம்மதித்தாலே பெரிய உதவி. டீ, காபியில் உள்ள கெபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். ஆகவே படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பே டீயை நிறுத்துவது நலம். 'ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும்' என்பது பாதி உண்மை. வந்த தூக்கத்தைப் பின்னிரவில் கலைப்பதும் அந்தக் கட்டிங்தான். உடலிலுள்ள மெக்னீஷியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதும் அதுவே.

இத்தனைக்குப் பிறகும் மாத்திரையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக இதைத் தொடவே கூடாது. உடலில் மிஞ்சும் மெக்னீஷியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது முடியாதபோது தேங்கி, இதயத்தையே பாதிக்கும். தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் இதனுடன் சேர்த்து விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. பல மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையாக எடுப்பது நாளொன்றுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்பது அமெரிக்க நிபுணர்களின் வரம்பு. மிஞ்சினால் பேதியாகும், பாட்டி கொடுத்த உப்பு தன் பழைய வேலையைக் காட்டும்! காலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு மெக்னீஷியம் உதவாது. ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது. கடன், ஊரில் விட்டுவந்த பெற்றோர், பெண்ணின் கல்யாணம் என்று மனக்கவலையால் விழித்துக் கிடப்பவர்களுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அதற்குத் தலைமை நிலையம் பெங்களூரிலேயே உள்ள நிம்ஹான்ஸ். எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.