சோற்றைக் காக்க மண்ணைக் காப்போம்

கல் பொறுக்கி, களைந்து, உலையிலிட்டுவிட்டால் அரிசி தூய்மையாகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரியும் கல்லைப் பொறுக்கலாம்; மணிக்குள்ளேயே கலந்துவிட்ட நஞ்சை எவ்வாறு பொறுக்குவது?

ஜப்பான் நாட்டில், டொயாமா பகுதியில், ஜின்சு என்றோர் ஆறு உண்டு. அதன் மேற்புறத்தில் இருந்த சுரங்கத்தின் கழிவோடு காட்மியம் என்னும் உலோகம் ஆற்றில் கலந்தது. அந்நீர் வயலுக்குப் பாய்ந்தது. மண்ணில் தங்கிய நஞ்சை நெற்பயிர் உறிஞ்சியது. அது சோறாகி மக்களின் உடலில் சேர்ந்தது. சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் வலுவிழந்து, இருமினாலே முறியும் நிலை வந்தது. அந்நோய்க்கு ஆளானவர்களுள் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள். "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று அவர்கள் அழுத "இதாய் இதாய்" என்ற சொல்லே நோயின் பெயராயிற்று! காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. 863 ஹெக்டேர் வயல் மண்ணைச் சீர்ப்படுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இது பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிடலாமா? கூடாது. வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். மழை பொய்த்து வயல் காய்ந்தால் பயிரில் ஏறும். ஆர்செனிக் என்னும் நஞ்சோ நேர்மாறானது. நீர் தேங்கிய வயலில்தான் அது பயிரில் மிகுதியாக ஏறும். வெப்பமும் கரியமில வாயுவும் சேர்ந்து உயர்ந்தால் அரிசியில் ஆர்செனிக் மிகும் என்று சீனாவில் பத்தாண்டுகள் நடந்த வயல் ஆய்வு 2025-இல் காட்டியது. ஆகவே, பருவநிலை மாற மாற, மண்ணில் உறங்கும் நஞ்சு விழித்தெழுகிறது.

நல்ல தண்ணீரை நிறைய வைத்துப் பொங்கி, கஞ்சியை வடித்தால் ஆர்செனிக் ஓரளவு குறையும். நம் பாட்டிமாரின் வழக்கம் இதற்கு உதவுகிறது. ஆயினும், முழுச் சுமையையும் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் ஏற்றுவது முறையன்று. உழவரைப் பழிப்பதும் நீதியன்று. கழிவைக் கொட்டுவோரைத் தடுக்க வேண்டும். வயல் மண்ணையும் அரிசியையும் அரசு சோதித்து, முடிவை மக்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். நாமும் பழைய பாட்டரிகளைக் குப்பையிலும் வாய்க்காலிலும் எறியாதிருப்போம்.

தோழியரே, மழைக்கு நாம் ஆணையிட முடியாது. ஆனால் மண்ணில் நஞ்சிடாமல் இருக்க நம்மால் முடியும். நாளை நம் கையால் பிள்ளைகளுக்கு ஊட்டப்போகும் முதற் கவளம் இன்றைய மண்ணில்தான் விளைகிறது என்பதை மறவாதிருப்போம்.