வாத்துப் பட்டணம்

அமெரிக்காவில் அயோவா ஸிடி என்றொரு சர்வகலாசாலை ஊர். 1857-ல் அயோவா மாகாணத்தின் தலைநகர் டி மாய்னுக்குப் போய்விட, பழைய சட்டசபை மாளிகை சர்வகலாசாலையின் சொத்தாயிற்று. மாளிகையைப் போற்றுவதில் அதிசயமில்லை. அதற்கு வடகிழக்கே 'வாத்துப் பட்டணம்' என்றொரு பேட்டை இருக்கிறது, பாருங்கள்! செக் நாட்டுப் பொஹீமியாவிலிருந்து சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே பிழைக்க வந்தவர்கள் வாத்து வளர்த்ததால் வந்த பெயர். எல்லாம் சின்னஞ்சிறு வீடுகள். மாணவர்களுக்கு வாடகைக்கு விட மாடி கட்டினால் பணம் கொழிக்கும். ஆனால், பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கும் வீட்டை இஷ்டம்போல இடிக்க முடியாது; நகரசபைக் குழு சம்மதிக்க வேண்டும்.

"என் வீடு, என் இஷ்டம்" என்பவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால், வாத்துக்குத் தீனி போட்ட பாட்டிமார்களின் சரித்திரத்தை யார் ஏட்டில் எழுதி வைத்தார்கள்? அந்த வாசற்படிகள்தானே மிச்சம்!