ஏற்றம் நின்றது, விலை இறங்கவில்லை

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி இலங்கையின் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களில் மட்டும் 94.9. ஓராண்டு கழித்து அது 1.3 சதவீதம். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்தது விலையல்ல, விலை ஏறும் வேகம். ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. சம்பளம்தான் பின்னால் ஓடி வருகிறது.

பழியைக் கொரோனா மீதும் உக்ரைன் போர் மீதும் போட்டுவிடுவது எளிது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது யார்? வரவு செலவில் விழுந்த துண்டை மத்திய வங்கி அச்சிட்ட பணம் அடைத்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, விளைச்சல் சரிந்தது. டாலர் கையிருப்பைக் கரைத்து ரூபாயைச் செயற்கையாகத் தாங்கிப் பிடித்தார்கள். 2022 மார்ச்சில் பிடியைத் தளர்த்தியதும், 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் இரண்டே மாதங்களில் 350ஐத் தாண்டியது.

அந்த ஏப்ரலில் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டது. தவிர்க்க முடியாத கசப்பு மருந்து. அரசின் கடன் பத்திரங்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதற்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருப்பதே உண்மையான சீர்திருத்தம். அடுத்த தேர்தல் சலுகைக்காக அதை யாரும் தளர்த்தக் கூடாது.

மருந்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளிடமிருந்த ரூபாய்ப் பத்திரங்கள் தப்பின; சுமை தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின் மேல் இறங்கியது.